ஏழாம் கட்டம்

பயப்படாதீங்க தம்பி, பாலிசி எடுக்கச் சொல்ல மாட்டேன். பையில இருக்கற கம்பெனி பேரைப் பாத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்களே, கவனிச்சேன். கோவமெல்லாம் இல்ல. இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து நான் பாக்கறது பாதி பேரோட முதுகைத்தான்.

கருணாகரன்னு பேரு. துறையூர். இன்னிக்கு நான் எதுவும் விக்க வரல. ஒரு மேடத்தைப் பாத்து ஒரு விஷயம் சொல்லணும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் பக்கத்துலயே அவங்க வேலை பாக்கற காலேஜ். அதுக்குள்ள யார்கிட்டயாவது ஒருதடவ சொல்லிப் பாத்துடணும்னு தோணுது. நேரா அங்க போய் நின்னா வாய் வேற எங்கயாவது போயிடும். என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க கேட்டுக்கிட்டா மட்டும் போதும் தம்பி. பதில் சொல்லணும்னு இல்ல.

எனக்கு ஒரே பொண்ணு. பிரகதி. இந்த வருஷம் பத்தாவது எழுதினா. பரீட்சை முடிஞ்ச கையோட ஒரு முகாம். அரியலூர் பக்கம் அந்தப் பொட்டல் காடு இருக்கு பாருங்க, மழைத்தண்ணி அரிச்சு அரிச்சு மேடும் பள்ளமுமாக் கிடக்குமே, அங்க. பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி அது கடலாம். கடல்ல இருந்த நத்தை, சுறா, எல்லாம் கல்லாப் போய் மண்ணுக்குள்ள கிடக்கு. ஸ்கூல் பிள்ளைங்களே கையால தோண்டிப் பாக்கணும், சலிக்கணும், சுத்தம் பண்ணணும். ஒரு டிரஸ்ட் நடத்தினாங்க. சொல்லிக் குடுக்க வந்தவங்கதான் இந்தப் பர்வீன் மேடம். கல்லு, மண்ணு, அதுல இருக்கற உயிரு, இதுலயே டாக்டர் பட்டம் வாங்கினவங்க.

அங்க கயிறு கட்டி கட்டம் கட்டமாப் பிரிச்சிருந்தாங்க. ஒரு கட்டத்துக்கு ரெண்டு பிள்ளைங்க. என் பொண்ணுக்கு ஏழாம் கட்டம். கூட சேந்த பொண்ணு செலின். அவ அந்தப் பக்கத்து ஊருதான், கவர்மென்ட் ஸ்கூல். அவங்க அப்பா சிமென்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்தற லாரி ஓட்டறாரு. முத நாளே அவ எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா, ‘எங்க வீட்ல கதவு ஆடாம இருக்க இந்த மாதிரி கல்லைத்தான் முட்டு குடுத்திருக்கோம்’னு. எல்லாப் பிள்ளைங்களும் சிரிச்சிருக்கு. அவளும் சிரிச்சிருக்கா. பாவம், அந்தப் பேச்சே அவளுக்கு எமனா வரப்போவுதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை, பெத்தவங்க வந்து பாக்கலாம்னாங்க. போனேன். சாமியானா போட்டு மேஜையில வரிசையா தட்டு வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு தட்டுலயும் பிள்ளைங்க பேரு, அவங்க எடுத்தது. ஒருத்தன் தட்டுல சுறா பல்லு. அவங்கப்பா திருச்சியில எலும்பு டாக்டராம், போற வர்றவங்களை எல்லாம் நிறுத்திக் காட்டறாரு. இன்னொரு பிள்ளை தட்டுல துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரா அஞ்சாறு கல்லு. அதுவும் ஏதோ கடல் பிராணியாம். என் பொண்ணு தட்டுல என்ன இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம். அந்தக் காடு பூரா கால்ல மிதிபடற சாமான்.

அந்த டாக்டர் எட்டிப் பாத்துட்டு, “பரவால்ல, எல்லாருக்குமா கிடைச்சிடும்?”னாரு. நல்ல மனுஷன்தான். ஆறுதலாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னுச்சு.

பிரகதி ஓடி வந்தா. மூஞ்சி எல்லாம் மண்ணு, மூக்கு தோல் உரிஞ்சிருக்கு. “அப்பா, எங்க கட்டத்துல ஒண்ணுமே இல்லப்பா!”ன்னு சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்றா தம்பி. “ஒண்ணும் இல்லங்கறதையும் சரியா பாத்துச் சொல்லணும்னு மேடம் சொன்னாங்க. எங்களோடதுதான் ரொம்ப சுத்தமா தோண்டின கட்டமாம்.” பக்கத்துல அந்த செலினும் நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கு.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாவம், புள்ள உள்ளுக்குள்ள அழுதுகிட்டு வெளிய சிரிக்குதுன்னு நினைச்சேன். பெத்தவனுக்குத் தெரியாதா? அப்படித்தான் நினைச்சேன். இப்ப யோசிச்சா அந்தச் சிரிப்புல அழுகையே இல்ல தம்பி. நான்தான் அதுல போய்த் தேடியிருக்கேன்.

சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு டீ குடிக்கலாம்னு ரோட்டுக்கு வந்தேன். டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. உள்ள சாமி படத்துக்குப் பக்கத்துல, உள்ளங்கை அகலத்துல, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்லு. சந்தனம், குங்குமமெல்லாம் வெச்சு உக்காந்திருக்கு. அம்மோனைட்டு, அந்தப் பழைய கடல்ல இருந்த சுருள் ஓட்டுப் பிராணி. முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி பிரகதி போன்ல படம் காட்டியிருந்தா, அதனால பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. கடைக்காரர் அய்யாக்கண்ணுன்னு, வயசானவரு. “என்ன சாமிங்க இது?”ன்னேன். “பெருமாள் சக்கரம் மாதிரி இருக்குல்ல, அதான் வெச்சேன். எங்க அண்ணன் காட்டுல கிணறு தோண்டறப்ப வந்துச்சு”ன்னாரு. பொண்ணுக்கு வேணும், ஆசைப்படறான்னு சொன்னேன். காசு வேணாம்னுட்டாரு. “படிக்கிற புள்ளைக்குத்தான, கொண்டு போங்க”ன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு எடுத்துக் குடுத்தாரு.

பொண்ணு ஆசைப்படறான்னு சொன்னேனே, அவ எங்க ஆசைப்பட்டா?

குழாய்ல நல்லாத் தேச்சுக் கழுவினேன். எல்லாரும் சாமியானாவுல சாப்பிட உக்காந்தாங்க. எனக்கு போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டு அப்படியே நடந்து போனேன். ஏழாம் கட்டம். ஓரத்துல கையாலயே பறிச்சேன். முந்தின நாள் பேஞ்ச தூத்தல்ல மண்ணு ஈரமா இருந்துச்சு. கல்லை வெச்சு மூடித் தட்டி விட்டுட்டு, கையைக் கழுவிக்கிட்டு வந்து பந்தியில உக்காந்தேன். பாயசம்கூட ரெண்டாம் தடவ வாங்கினேன்.

இதுல என்ன தப்புன்னு அப்ப கேட்டிருந்தீங்கன்னா உங்ககிட்ட சண்டைக்கே வந்திருப்பேன். பொறந்த நாளைக்குப் பொம்மையை ஒளிச்சு வெச்சு எடுக்க விடறதில்லையா, அந்த மாதிரிதானன்னு கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையில போன். பிரகதி. “அப்பா, ஒரு அம்மோனைட் கிடைச்சிருக்கு.” அவ்ளோதான் சொன்னா. நான்தான் இங்க குதிச்சேன். என்ன சைஸு, யாரு பாத்தாங்க, மேடம் என்ன சொன்னாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். “எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கப்பா, வெச்சிடறேன்”னு வெச்சுட்டா. குரல் ஒரு மாதிரி சன்னமா இருந்துச்சு. வெயில்ல தொண்டை கட்டியிருக்கும்னு நினைச்சேன். அன்னிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பொண்ணு படத்தைப் போட்டு, கீழ ‘பத்து கோடி வருஷம் காத்திருந்தது என் மகளுக்காக’ன்னு எழுதினேன். எத்தனை பேரு கை தட்டினாங்க தெரியுமா. என் மேனேஜரே கூப்பிட்டுப் பேசினாரு.

அங்க என்ன ஆச்சுன்னா, பர்வீன் மேடத்துக்குக் கை கால் ஓடல. அந்த வகை அம்மோனைட்டு அந்த மண் அடுக்குல இருக்கவே கூடாதாம். இருந்துச்சுன்னா அவங்க இத்தனை வருஷம் நம்பினதையே திருப்பி யோசிக்கணுமாம். மத்த கட்டத்து வேலையை எல்லாம் நிறுத்திட்டு, எல்லாப் பிள்ளைங்களையும் ஏழாம் கட்டத்தைச் சுத்தித் தோண்ட வெச்சிருக்காங்க. வேகாத வெயில்ல ரெண்டு நாளு. ஒண்ணும் வரல. அப்பறம் அந்தக் கல்லை மேடமே உக்காந்து, பல் டாக்டருங்க வெச்சிருக்கற மாதிரி ஊசியால சுத்தம் பண்ணியிருக்காங்க. சுருளுக்கு நடுவுல, ஆழத்துல, செவப்பா என்னமோ ஒட்டியிருக்கு. இரும்பா இருக்கும்னு பாத்திருக்காங்க. சொரண்டி மோந்து பாத்தா சந்தன வாசனை.

குங்குமம் தம்பி. நான் தேச்சுக் கழுவினது அங்க வரைக்கும் போகல.

மேடம் யாரையும் திட்டலையாம். எழுந்து போய் ஜீப்புல தனியா உக்காந்துட்டாங்களாம். ஒருங்கிணைப்பாளர்னு ஒருத்தர் இருந்தாரு, அவருதான் பிள்ளைங்களை நிக்க வெச்சு, யாரு பண்ணுனதுன்னு கேட்டிருக்காரு. அப்ப ஒரு பிள்ளை சொல்லியிருக்கு, செலின் வீட்ல கதவுக்கே இந்தக் கல்லுதான சார்னு. போச்சு. உள்ளூர்ப் பொண்ணு, அதே கட்டம், வீடு நிறைய கல்லு. வேற என்ன வேணும்? அவளும் இல்லன்னு சொல்லல, ஆமான்னும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னிருக்கா. அவங்கம்மாவை வரச்சொல்லி, அன்னிக்கே பையோட அனுப்பிட்டாங்க.

எனக்கு இதெல்லாம் நிறைவு விழா அன்னிக்குத்தான் தெரியும். போய் உக்காந்ததும் அந்த எலும்பு டாக்டரே சொன்னாரு. “உங்க பொண்ணை ஏமாத்திட்டா பாருங்க சார் அந்தப் பொண்ணு”ன்னாரு. எழுந்திருச்சு சொல்லிடலாம்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன் தம்பி. அப்பத்தான் மைக்ல கூப்பிடறாங்க, பெற்றோர் சார்பா திரு. கருணாகரன் ரெண்டு வார்த்தை பேசுவாருன்னு. சரி, கடவுளே வழி காட்டறாருன்னு மேடை ஏறினேன். மைக்கைக் கையில வாங்கினேன்.

வாங்கினதும் பேச்சு வந்துடுச்சு. அதான் என் தொழில். பிள்ளைங்க எதிர்காலம், அறிவியல், மேடத்தோட அர்ப்பணிப்பு... நேர்மையைப் பத்திக்கூடப் பேசினேன்னு ஞாபகம். கை தட்டினாங்க. மேடம் மட்டும் தட்டல, எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தாங்க. என் பொண்ணும் தட்டல. மேடத்தைப் பாத்தேன், பொண்ணைப் பாத்தேன், அப்பவும் நான் நிறுத்தல.

பஸ்ல திரும்பி வரப்ப பிரகதி, “செலின் பண்ணலப்பா”ன்னா. “யாரா இருந்தா என்னம்மா, விடு”ன்னேன். அவ என் கையையே பாத்துக்கிட்டு வந்தா. தூக்கம் வருது போலன்னு தோள்ல சாய்ச்சுக்கிட்டேன். சாஞ்சா. ஆனா தூங்கல.

லால்குடி தாண்டிடுச்சா? சரி சரி, சீக்கிரம் சொல்லிடறேன்.

ரிசல்ட் வந்துச்சு. நல்ல மார்க். சயின்ஸ் குரூப்தான் எடுப்பான்னு ஃபாரம் வாங்கிட்டு வந்தா, காமர்ஸ் எடுக்கறேங்கறா. ஏம்மான்னேன். “உங்கள மாதிரி நல்லாப் பேசிப் பொழைச்சுக்கறேன்பா”ன்னா. எனக்கு ஒரே பெருமை. இதை ரெண்டு பேர்கிட்ட சொல்லக்கூட செஞ்சேன். என் சம்சாரம் மங்கை அடுப்படியிலேருந்து வந்து, “என்னங்க, அவ உங்களைப் பாராட்டலைங்க”ன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அப்பறம் அவளை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். மங்கை ஒரு வார்த்தை திட்டல. “அந்தப் பொண்ணு வீடு எங்கன்னு விசாரிச்சுட்டுப் போயிட்டு வாங்க”ன்னு மட்டும் சொன்னா.

அங்கேருந்துதான் இப்ப வரேன்.

சின்ன வீடு. அவங்கப்பா ராத்திரி டிரிப் முடிச்சுட்டுக் கட்டில்ல படுத்திருந்தாரு. சேவியர்னு பேரு. என்னைப் பாலிசிக்காரன்னு நினைச்சு வேணாம்னு கையாட்டினாரு. அவங்கம்மா தண்ணி குடுத்துச்சு. குடிச்சுட்டுச் சொன்னேன். அந்தக் கல்லை வெச்சது நான், உங்க பொண்ணு இல்லன்னு.

சேவியர் எழுந்து உக்காந்தாரு. அடிப்பாருன்னு பாத்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். “இந்த ஒரு மாசமா தெருவுல என் பொண்டாட்டி தலை நிமிந்து நடக்கல சார்”னாரு. “என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவகிட்ட சொல்லுங்க”ன்னு உள்ள கூப்பிட்டாரு.

செலின் வந்து கதவுகிட்ட நின்னுச்சு. அம்மாடி, நான்தான்மான்னு ஆரம்பிச்சேன். “தெரியும் அங்கிள்”னுச்சு.

எனக்குப் புரியல. “என்னம்மா தெரியும்?”

“அன்னிக்குக் காலையில நானும் பிரகதியும்தான் முதல்ல போனோம். மண்ணு மேல பெரிய கை பதிஞ்சிருந்துச்சு. மோதிரத்தோட. பிரகதி பாத்ததும் அப்பிடியே உக்காந்துட்டா. எங்க அப்பா கைங்கறா. அவளே அதைத் தடவி அழிச்சா. அந்த எடத்துல தோண்டினா கல்லு. அதை எடுத்து எங்கயாவது போட்டுடலாம்னு பாத்தோம். அதுக்குள்ள பின்னாடியே ஒருங்கிணைப்பாளர் சார் வந்துட்டாரு. அவரே வெளிய எடுத்து, பிரகதி கண்டுபிடிச்சுட்டான்னு கத்திட்டாரு.”

இந்தாங்க, இந்த மோதிரம்தான் தம்பி. நவரத்தினம். நல்லது நடக்கும்னு போட்டது.

“அப்ப உன் மேல பழி வந்தப்ப ஏம்மா சொல்லல?”ன்னு கேட்டேன். என் கேள்வியைப் பாருங்க. அவளைக் கேக்கறேன்!

“பிரகதி சொல்லத்தான் போனா. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்”னுச்சு. அவங்கப்பா உக்காந்திருக்காரு இல்லையா, அவரைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டு சொன்னா. “எடை போடற எடத்துல ஒருதடவ எங்க அப்பாவை எல்லாரும் பாக்க நிக்க வெச்சுத் திட்டுனாங்க அங்கிள். லோடு குறைஞ்சுதுன்னு. அவரு எடுக்கல. நான் லாரிக்குள்ள உக்காந்து பாத்தேன். நீங்க விழாவுக்கு வருவீங்க, எல்லார் முன்னாடியும் கேப்பாங்க, பிரகதி பாத்துக்கிட்டு நிப்பா. அத அவ பாக்க வேணாம்னு நினைச்சேன்.”

சேவியர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மக அதைப் பாத்தான்னு அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது போல.

என் மானத்தைக் காப்பாத்த ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு தன் பேரைக் கெடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கு. அதுக்கு மறுநாளு நான் மேடையில ஏறி நேர்மையைப் பத்திப் பேசியிருக்கேன். என் பொண்ணு கீழ உக்காந்து, எல்லாம் தெரிஞ்சு, அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

கிளம்பறப்ப செலின் வாசல் வரைக்கும் வந்துச்சு. “மேடம்கிட்ட சொல்லிடுங்க அங்கிள். அடுத்த வருஷம் முகாமுக்கு நான் போகணும். ஆனா பிரகதிக்குத் தெரியும்கறதை மட்டும் சொல்லாதீங்க”ன்னுச்சு. சரின்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்.

ஒரு நிமிஷம் தம்பி, போன். என் பொண்ணுதான்.

ஆ, சொல்லும்மா... திருச்சிக்குத்தான்... ஆமா, ஒரு பார்ட்டியைப் பாக்கணும்... இல்ல, பழைய பார்ட்டிதான். பிரீமியம் விஷயமா... சாயந்தரம் வந்துடறேன். சரிம்மா.

பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி? நான் யோசிக்கவே இல்ல. வாயைத் திறந்தேன், பொய்யி தானா வருது. இவ்ளோ நேரம் உங்ககிட்ட அழாத குறையாச் சொல்லிக்கிட்டு இருந்தவன்தான் இவனும். பக்கத்துல உக்காந்து நீங்க கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே!

இருங்க. திருப்பிப் போடறேன்.

...பிரகதி. நான்தான்மா. இப்ப சொன்னது பொய்ம்மா. பார்ட்டி எல்லாம் யாரும் இல்ல. நான் செலின் வீட்டுக்குப் போயிட்டு வரேன்... ஆமா... ஆமாம்மா, எல்லாம் சொன்னா. கை பதிஞ்சிருந்தது, நீ அழிச்சது, எல்லாம்... அழாதம்மா. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க... இல்ல, நீ இல்ல, நான்தான்... அவ நல்லா இருக்கா. உன்னைக் கேட்டா... இல்லம்மா, மேடத்தை இனிமேதான் பாக்கப் போறேன். நேரா அங்கதான்... எதுக்கு? வேணாம்மா. அதான் நான் சொல்றேனே. உன் பேரே அதுல வராது, செலினும் அப்படித்தான்... பிரகதி, சொன்னாக் கேளு...

தம்பி, கேக்க மாட்டேங்கறா. மேடம் எதிர்ல போயி நின்னதும் நான் சொல்லவேண்டியதைச் சொல்லணுமாம். சொல்லி முடிச்சதும் போனை அவங்க கையில குடுக்கணுமாம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தது அவளாம். அதை அவளே சொல்லணுமாம். எனக்காக யாரும் பேச வேணாம்பாங்கறா.

சத்திரம் வந்துடுச்சு. கொஞ்சம் காலை நகத்திக்கோங்க, அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. வரேன் தம்பி.

பிரகதி, வெச்சுடாதம்மா. லைன்லயே இரு. அப்பா இறங்கறேன்.